முதல் பத்து பறந்தேன், கடைசி ஆறு நடந்தேன்: வேகத்தைச் சீராக வைத்துக்கொள்வது எப்படி?

#1 பாதிவழி

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை என் இரண்டாவது அரை மாரத்தான். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று நான்கு மாதமாகத் தயாரானேன். முடித்தது 2:11:40.

திட்டமே இல்லாமல் போய் நிற்கவில்லை. 120 நிமிடத்தை அரை மாரத்தானின் தூரமான 21.0975 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5:41 வருகிறது. ஐந்து, பத்து, பதினைந்து, இருபதில் என்ன நேரம் இருக்க வேண்டும் என்று இடது முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்: 28:26, 56:53, 1:25:19, 1:53:45. பதினான்காவது கிலோமீட்டரில் கையைப் பார்த்தால் எல்லாம் வியர்வையில் கரைந்து ஒரு நீலத் தீற்றல்தான் மிச்சம். அதற்குள் அந்தக் கணக்குக்கும் எனக்கும் சம்பந்தமில்லாமல் போயிருந்தது, அது வேறு கதை.

முதல் ஐந்து கிலோமீட்டர்: 5:08, 5:15, 5:20, 5:25, 5:28. பத்தைத் தாண்டும்போது 54:30. இரண்டு நிமிடத்துக்கு மேல் கையிருப்பு இருக்கிறது, பின்னால் கொஞ்சம் தளர்ந்தாலும் தாங்கும் என்று மனசுக்குள் ஒரே குஷி. பதினைந்தில் 1:25:00. பாருங்கள், அப்போதுகூடத் திட்டத்தைவிட 19 வினாடி முன்னால்தான் இருந்தேன்! கடைசி ஆறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு 46:40 ஆயிற்று. ஓடினேன், நடந்தேன், மறுபடி ஓடப் பார்த்தேன், தொடை கேட்கவில்லை. ஊன்றுகோல் மட்டும்தான் இல்லை.

பயிற்சியில் 18 கிலோமீட்டர் வரை சிரமமில்லாமல் ஓடியிருக்கிறேன். எங்கே தப்பு? எல்லாரும் ‘சீரான வேகம், சீரான வேகம்’ என்கிறார்கள். அதை எப்படிப் பிடிப்பது, எப்படிப் பிடித்து வைத்திருப்பது?

#2 கணக்குப்பிள்ளை

ஒரு கேள்வி. பத்து கிலோமீட்டர் பந்தயத்தில் உங்கள் மிகச் சிறந்த நேரம் என்ன? எப்போது ஓடியது?

#3 பாதிவழி

54:50. மூன்று மாதம் முன்பு. முடித்ததும் கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு கொடுத்தேன்.

#4 கணக்குப்பிள்ளை

அப்படியானால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. 54:50 ஓடி முடித்து நிற்க முடியாமல் உட்கார்ந்த ஆள், அரை மாரத்தானில் முதல் பத்தை 54:30 இல் தாண்டியிருக்கிறீர்கள். உங்கள் பத்து கிலோமீட்டர் சாதனையை நீங்களே முறியடித்துவிட்டு, அதற்கு மேல் இன்னும் பதினொன்று பாக்கி வைத்திருந்தீர்கள்.

இன்னொன்று. பீட்டர் ரீகல் என்ற பொறியாளர் கொடுத்த ஒரு சூத்திரம் உண்டு. தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அதன் 1.06 அடுக்கால் பழைய நேரத்தைப் பெருக்க வேண்டும். சுருக்கமாக, தூரம் இரட்டித்தால் நேரம் இரண்டு மடங்கு இல்லை, சுமார் 2.085 மடங்கு. பத்திலிருந்து அரை மாரத்தானுக்குப் பெருக்கும் எண் 2.206. உங்கள் 54:50 க்கு அது 2:00:59 என்று சொல்கிறது. அதாவது இரண்டு மணி என்பதே உங்கள் அன்றைய உடம்புக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் சுலபமாகக் கிடைக்கிற இலக்கு இல்லை. அதையும்விடக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் வேகமாகத் தொடங்கினீர்கள்.

சூத்திரம் ஒன்றும் வேதவாக்கு இல்லை. நீண்ட ஓட்டப் பயிற்சி குறைவாக இருப்பவர்களுக்கு, முக்கியமாக முழு மாரத்தானுக்கு, அது ரொம்பத் தாராளமாகச் சொல்லிவிடும். ஆனால் இலக்கு வைக்கும்போது ஒரு கடிவாளமாகப் பயன்படும்.

#5 கடைசிவரிசை

தம்பி, அந்தக் ‘கையிருப்பு’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் சொன்னேன். அது கையிருப்பு இல்லை, கந்துவட்டிக் கடன். பத்தில் வாங்கிய இரண்டேகால் நிமிடத்துக்குக் கடைசி ஆறில் பன்னிரண்டு நிமிடம் கட்டியிருக்கிறாய். கணக்குப்பிள்ளையிடம் கேள், வட்டி விகிதம் சொல்லுவார்.

தப்பு பதினைந்தாவது கிலோமீட்டரில் நடக்கவில்லை, முதல் கிலோமீட்டரில் நடந்துவிட்டது. 5:08. ஓட்டம் தொடங்கும்போது யாருக்கும் கால் கனக்காது. இரண்டு வாரமாகப் பயிற்சியைக் குறைத்து ஓய்வெடுத்த கால், சுற்றிலும் கூட்டம், மேளம், கைதட்டல், பக்கத்தில் போகிறவன் எல்லாம் முந்துகிறான். அந்த நேரத்தில் 5:08 உனக்கு 6:00 மாதிரி இருந்திருக்கும். சரியா?

எனக்குத் தெரிந்து சரியான முதல் கிலோமீட்டருக்கு ஒரே அடையாளம், அது சங்கடமாக இருக்கும். ‘இவ்வளவு மெதுவாகவா, இன்றைக்கு நாள் போச்சு’ என்று தோன்ற வேண்டும். பெரியவர்கள், வேஷம் கட்டியவர்கள் எல்லாம் உன்னைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். பாதிப் பேரைப் பதினாறில் திரும்பச் சந்திப்பாய்.

#6 பாதிவழி

ஆமாம், அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. முதல் கிலோமீட்டர் 5:08 என்று வாட்ச் சொன்னபோது, வாட்ச் தப்பாகக் காட்டுகிறது என்றே நினைத்தேன்.

#7 இயன்முறை

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மனம் ஒத்துக்கொள்ளும். தொழிலுக்கு நான் இயன்முறை மருத்துவர்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் வேகம் உண்டு. அதற்குக் கீழே ஓடும்வரை, தசை உழைக்கும்போது உண்டாகி உடலில் சேரும் லாக்டேட் என்ற பொருளும் வெளியேறும் லாக்டேட்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். அதற்கு மேலே போனால் சேர்வது அதிகம். நல்ல பயிற்சி உள்ளவர் முழுமூச்சாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வேகம் என்று அந்த வாசலைச் சொல்லலாம். லாக்டேட் விஷம் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு, அது சரியில்லை. தசை அதையும் எரிபொருளாகப் பயன்படுத்தும். ஆனால் அது ஏறுகிறது என்றால், தசையைக் களைக்க வைக்கும் மற்ற மாற்றங்களும் கூடவே ஏறுகின்றன என்று பொருள். வாசலை ஒருமுறை தாண்டி வெகுநேரம் ஓடிவிட்டால், திரும்ப நிலைக்கு வர, தாண்டிய அளவைவிட மிக அதிகமாக வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். பாதிவழி அண்ணா 30 வினாடி வேகமாக ஓடியதற்கு 30 வினாடி மெதுவாக ஓடி ஈடுகட்ட முடியாமல் போனது இதனால்தான்.

இரண்டாவது, எரிபொருள். வேகம் கூடக்கூடக் கொழுப்பைவிடக் கார்போஹைட்ரேட்டின் பங்கு கூடும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருப்பது சுமார் 2000 கிலோகலோரி அளவுதான். ஓட்டத்துக்கு ஆகும் செலவு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குத் தோராயமாக ஒரு கிலோகலோரி. 65 கிலோ ஆளுக்கு முழு மாரத்தான் எவ்வளவு கேட்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் ‘சுவர்’ வருகிறது, அதாவது கால் திடீரென்று ஓட மறுக்கிறது என்பது இதுதான். அரை மாரத்தானில் இருப்பு அவ்வளவு தீராது, அங்கே முதல் காரணமும் உடல் சூடும்தான் பெரிய எதிரிகள்.

மூன்றாவது, இதயத் துடிப்பு. ஒரே வேகத்தில் ஓடினாலும் நேரம் ஆக ஆக, முக்கியமாக வெயிலில், துடிப்பு மெல்ல ஏறும். அதனால் 150 இல் தொடங்கினால் 150 லேயே முடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் கடைசியில் தவழ வேண்டியிருக்கும். துடிப்பை முதல் பாதியில் கடிவாளமாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் பாதியில் அதைப் பார்க்காதீர்கள்.

#8 எண்ணூறு

எல்லாரும் ஒரே பாட்டு பாடுகிறீர்கள். நான் கல்லூரி நாளில் 800 மீட்டர் ஓடியவன். அங்கே இந்தச் சீரான வேகம் எல்லாம் எடுபடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் டேவிட் ருடிஷா 1:40.91 ஓடி உலக சாதனை வைத்தாரே, முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. முதலில் கொடுத்துவிட்டுப் பின்னால் தாங்கினார். யாரையும் பின்னால் ஒளிந்துகொண்டு துரத்தவில்லை, முதல் மீட்டரிலிருந்து முன்னால் நின்றார். தைரியம் என்று ஒன்று இருக்கிறது. எல்லாரும் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு ஓடினால் அது பந்தயமா?

#9 கணக்குப்பிள்ளை

ருடிஷா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது நூறு வினாடி ஓட்டம், உடலின் கணக்கே வேறு. அங்கேயும் உங்களுக்கு எதிர்ச்சாட்சி ஒருவர் இருக்கிறார். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸின் 800 மீட்டர், அமெரிக்காவின் டேவ் வாட்டில், தொப்பி போட்டுக்கொண்டு ஓடியவர். பாதி ஓட்டம்வரை கடைசி ஆள். கடைசி நேரத்தில் பறந்து வந்து 0.03 வினாடியில் தங்கம் வென்றார் என்று எல்லாரும் சொல்வார்கள். அவருடைய 200 மீட்டர் நேரங்கள் ஏறத்தாழ 26.4, 26.9, 26.4, 26.2. எங்கே பறந்தார்? அவர் அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார், முன்னால் இருந்தவர்கள் தளர்ந்து பின்னால் வந்தார்கள். (பரிசளிப்பில் தேசிய கீதத்தின்போது தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டார் மனிதர், பிறகு மன்னிப்புக் கேட்டார்.)

நீண்ட தூரத்துக்கு வந்தால் இன்னும் தெளிவு. 2018 பெர்லின் மாரத்தானில் கென்யாவின் கிப்சோகே 2:01:39 ஓடி உலக சாதனை வைத்தபோது முதல் பாதி 61:06, இரண்டாம் பாதி 60:33. 2023 சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2:00:35, பாதிகள் 60:48, 59:47. பவுலா ராட்கிளிஃப் 2003 லண்டனில் 2:15:25, அதுவும் இரண்டாம் பாதிதான் வேகம். நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், 2022 பெர்லினில் அதே கிப்சோகே 59:51, 61:18 என்று ஓடிச் சாதனையை 2:01:09 ஆக்கினார். ஆனால் உலகத்திலேயே சிறந்த ஆள் ஒன்றரை நிமிடம் தளர்ந்ததற்கும், நாம் பத்து நிமிடம் தளர்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

#10 எண்ணூறு

வாட்டில் கணக்கு இன்றைக்குத்தான் தெரியும். சரி, ஒரு புள்ளி உங்களுக்கு. ஆனால் பயந்து பயந்து ஓடினால் தன் எல்லை எதுவென்றே ஒருவனுக்குத் தெரியாது என்பதில் நான் மாறவில்லை.

#11 கடைசிவரிசை

தெரிய வேண்டியதுதான். அதைப் பயிற்சியிலோ ஐந்து கிலோமீட்டர் பந்தயத்திலோ தெரிந்துகொள்ளட்டுமே. ஐந்தில் தலைகீழாக விழுந்தாலும் இழப்பு பத்து நிமிட வேதனை. அரையில் விழுந்தால் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், அதுவும் எல்லாரும் பார்க்க.

பாவோ நூர்மி என்று பின்லாந்துக்காரர் ஒருவர், 1920களில் ஒலிம்பிக்ஸில் தங்கமாக அள்ளியவர். கையில் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டே ஓடுவார். பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்க்க மாட்டார், வாட்ச்சைப் பார்ப்பார். கடைசிச் சுற்று வரும்போது அதைப் புல்தரையில் வீசிவிட்டு ஓடுவார். எண்ணூறு அவர்களே, கால்குலேட்டர் வைத்துக்கொண்டு ஓடியவர்தான் அவர். தைரியம் குறைவு என்று சொல்ல முடியுமா?

#12 புதியவன்

சீரான வேகத்துக்கு எந்த வாட்ச் வாங்கலாம்?

#13 வைகறை

கையில் இருப்பதே போதும். எந்த வாட்ச்சிலும் ‘இந்த நொடியின் வேகம்’ காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஜிபிஎஸ்ஸில் அது குதித்துக்கொண்டே இருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் இன்னும் மோசம். நீங்கள் வேகத்தைக் கூட்டிய பிறகு கொஞ்சம் தாமதமாகத்தான் அதற்குத் தெரியும், அதற்குள் குறைத்திருப்பீர்கள். அந்த எண்ணைத் துரத்துகிறவர்கள் முடுக்குவதும் பிரேக் போடுவதுமாக ஓடுவார்கள். திரையில் நடப்பு லேப்பின், அதாவது இப்போது ஓடும் கிலோமீட்டரின் அல்லது சுற்றின், சராசரி வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இனி பாதிவழிக்கு. நீங்கள் வேகத்தை எண்ணாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள், உடம்பில் தெரியவில்லை. 5:08 க்கும் 5:41 க்கும் கூட்டத்தில் வித்தியாசம் தெரியாமல் போனது அதனால்தான். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த அக்கா ஒரு பயிற்சி தந்தார், நானும் அதையே எல்லாருக்கும் கொடுக்கிறேன்.

400 மீட்டர் தடத்துக்குப் போங்கள். உங்கள் 5:41 க்கு ஒரு சுற்று 2:16. வாட்ச்சின் மேல் கைக்குட்டையைக் கட்டிவிடுங்கள். லேப் பொத்தானை மட்டும் துணிக்கு மேலாகவே அழுத்த முடிய வேண்டும். ஒரு சுற்று ஓடுங்கள், கோட்டைத் தொட்டதும் அழுத்துங்கள், ‘இது இவ்வளவு வினாடி’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகுதான் துணியை விலக்கிப் பார்க்கலாம். ஒரு நிமிடம் நடை. மறுபடி. எட்டுச் சுற்று.

முதல் நாள் எனக்கு 2:30 என்று நினைத்து ஓடிய சுற்று 2:17 ஆக இருந்தது. ‘வாட்ச் கெட்டுவிட்டது அக்கா’ என்றேன். ‘உன் வாட்ச் நன்றாக இருக்கிறது’ என்று காலைக் காட்டினார்.

வேகத்தைக் காதால் பிடிப்பதும் உதவும். பாதம் தரையில் படும் சத்தம், மூச்சு எத்தனை காலடிக்கு ஒருமுறை வருகிறது. அரை மாரத்தான் வேகத்தில் எனக்கு மூச்சு மூன்று காலடிக்கு உள்ளே, இரண்டு காலடிக்கு வெளியே. அது இரண்டுக்கு இரண்டு ஆனால் எண் என்ன காட்டினாலும் நான் வேகமாகப் போகிறேன். உங்களுக்கு வேறு தாளம் இருக்கலாம்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? மாரத்தான் முடிவுகளை அலசிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப ஒன்று வருகிறது: இரண்டாம் பாதியில் ஆண்கள் தளரும் அளவுக்குப் பெண்கள் தளர்வதில்லை. காரணம் என்ன என்று நான் சொல்லப் போவதில்லை, எண்ணூறு கோபித்துக்கொள்வார்.

#14 எண்ணூறு

கோபமே இல்லை அக்கா, குறித்துக்கொண்டேன்.

#15 கொடிக்காரன்

தாமதமாக வருகிறேன். மூன்று வருடமாக அரை மாரத்தானில் 2:15 கொடி பிடிக்கும் பேசர் நான், அதாவது குறித்த நேரத்தில் முடிக்க நினைப்பவர்கள் பின்தொடர்வதற்காகச் சீராக ஓடுகிறவன். பேசர் பின்னால் ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வதற்குள் உள்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கத்தில் என் பின்னால் அறுபது, எழுபது பேர் இருப்பார்கள். பின்னால் என்றா சொன்னேன், பாதிப் பேர் முன்னால் ஓடுவார்கள்! ‘மெதுவா, மெதுவா’ என்று கத்திக் கத்தித் தொண்டை போகும். பதினாறில் திரும்பிப் பார்த்தால் பத்துப் பதினைந்து பேர். நான் வேகத்தைக் கூட்டவில்லை. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக வழியில் நடந்துகொண்டிருப்பார்கள், தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வார்கள். எனக்கே சங்கடமாக இருக்கும்.

பேசரை நம்புவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். துப்பாக்கி நேரத்துக்கா (தொடக்கத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து), சிப் நேரத்துக்கா (நாம் கோட்டைத் தாண்டியதிலிருந்து) ஓடுகிறீர்கள்? கோட்டைத் தாண்டவே நாலு நிமிடம் ஆகும் பெரிய ஓட்டங்களில் இது முக்கியம். அப்புறம், ஒரே வேகமா, முதலில் வேகமாகப் போய்ச் சேமிப்பீர்களா? இரண்டாவது ரகம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு விலகிவிடுங்கள். நானே என் முதல் அரை மாரத்தானில் ஒரு பேசரை நம்பிப் போனேன். எட்டுவரை இலக்கைவிட இரண்டு நிமிடம் முன்னால் இழுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டில் கொடியை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கொடி மட்டும் ஓடியது, நாங்கள் ஓடவில்லை.

ஒழுங்கான பேசர் கிடைத்தால் பெரிய பலம். எதிர்காற்றில் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் ஓடுவதே உண்மையில் சக்தி மிச்சம். அதைவிட, முடிவெடுக்கும் வேலை இல்லை. 2019 இல் வியன்னாவில் கிப்சோகே 1:59:40 ஓடினாரே, கிலோமீட்டருக்கு 2:50 என்று சாலையில் ஒளிக்கோடு போட்டுக்கொண்டு ஒரு கார், சுற்றிலும் மாறி மாறிப் பேசர்கள். அந்த ஏற்பாடுகளால்தான் அது சாதனையாகப் பதிவாகவில்லை. ஆனால் அத்தனை ஏற்பாடும் எதற்கு? வேகம் ஏறாமல் இறங்காமல் இருக்கத்தான்.

#16 புதியவன்

மேடு வந்தால்? அங்கேயும் அதே 5:41 தானா?

#17 கடைசிவரிசை

இல்லை. மேட்டில் மூச்சு ஒரே சீராக இருக்க வேண்டும், வேகம் குறையட்டும். இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், இழந்ததெல்லாம் கிடைக்காது. மேட்டில் வாட்ச்சைப் பார்க்காதே, பாதத்துக்கு ஐந்தாறு அடி முன்னால் பார். வெயிலும் அப்படித்தான், சூடு அதிகமான நாளில் இலக்கையே தள்ளி வை. தொடக்கக் கோட்டில் நின்றுகொண்டே இலக்கை மாற்றத் தெரிந்தவனைத்தான் நான் நல்ல ஓட்டக்காரன் என்பேன்.

#18 கணக்குப்பிள்ளை

இன்னொரு பொறி இருக்கிறது, அதில் நிறையப் பேர் விழுகிறார்கள். பந்தயப் பாதையை அளப்பவர்கள் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள். பாதை தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூடுதலாகவும் சேர்ப்பார்கள், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். நாம் அந்தக் குறுகிய கோட்டில் ஓடுவதில்லை. தண்ணீருக்கு ஒதுங்குவோம், ஆளைச் சுற்றுவோம், வளைவில் வெளியே போவோம். போதாததற்கு ஜிபிஎஸ்ஸின் சொந்தப் பிழை. ஆக முடிவில் வாட்ச் 21.1 காட்டாது, 21.3 அல்லது 21.4 காட்டும்.

பாதிவழி, உங்கள் வாட்ச்சில் அன்று எவ்வளவு?

#19 பாதிவழி

21.36.

#20 கணக்குப்பிள்ளை

அப்போது இரண்டு மணிக்கு உங்கள் வாட்ச்சில் இருக்க வேண்டிய சராசரி 5:41 இல்லை. 7200 வினாடியை 21.35 ஆல் வகுத்தால் 5:37. அடுத்த முறை என் யோசனை: முதல் மூன்று கிலோமீட்டர் 5:45, அதிலிருந்து 5:36. கடைசி மூன்றில் மிச்சமிருப்பதைக் கொட்டலாம். வாட்ச்சை நம்பாமல் பாதையோரக் கிலோமீட்டர் பலகையில் லேப் பொத்தானை நீங்களே அழுத்தினால் இன்னும் நல்லது.

#21 பாதிவழி

நான்கு வாரம் கழித்து வருகிறேன். வைகறை அக்கா சொன்ன கைக்குட்டைப் பயிற்சியை வாரம் ஒருமுறை செய்தேன். முதல் நாள் 2:16 என்று நினைத்து ஓடிய சுற்றுகள்: 2:04, 2:06, 2:09, 2:11, 2:15, 2:18, 2:21, 2:24. என் அரை மாரத்தானையே சின்னதாகச் செய்து காட்டியது மாதிரி இருந்தது. நாலாவது வாரம், அதாவது நேற்று: 2:14, 2:16, 2:17, 2:16, 2:15, 2:16, 2:17, 2:15. ஆறாவது சுற்றில் ‘2:16’ என்று சொல்லிவிட்டுத் துணியை விலக்கினால் 2:16. பக்கத்தில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த பெரியவர் நான் கத்தியதில் திடுக்கிட்டு நின்றுவிட்டார்.

கூடவே வாரம் ஒரு நாள் வாசல் வேகத்தில் இருபது நிமிடம் டெம்போ ஓட்டம். அடுத்த பந்தயம் இன்னும் ஐந்து வாரத்தில்.

#22 வைகறை

2:14 இல் தொடங்கியிருக்கிறீர்கள் பாருங்கள், முதல் சுற்று இன்னும் அரிக்கிறது. கூட்டத்தில் அது இரண்டு மடங்காகும். தொடக்கத்தில் உங்கள் நேரத்துக்குரிய இடத்திலேயே நில்லுங்கள், முன்னால் போய் நிற்க வேண்டாம். நெரிசல் உங்களைத் தானாகப் பிடித்து வைக்கும். அதைத் திட்டிக்கொண்டு இடமும் வலமும் வெட்டி வெட்டி முந்துகிறவர்கள் ஓடுவதும் அதிகம், களைப்பதும் அதிகம்.

#23 இயன்முறை

கூடுதலாக ஒன்றே ஒன்று. ஜெல் (ஓடும்போது சாப்பிடும் சர்க்கரைப் பசை) எடுப்பதானால் களைத்த பிறகு எடுக்க வேண்டாம். நாற்பது நிமிடத்திலிருந்து கடிகாரம் பார்த்து எடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட் போதும். பயிற்சியில் வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டும் எடுங்கள். பந்தய நாளில் புதுச் சாகசம் வேண்டாம்.

#24 பாதிவழி

ஓடிவிட்டேன்!

முதலில் நல்ல சேதி. ஐந்தில் 28:50, பத்தில் 57:25, பதினைந்தில் 1:25:55, இருபதில் 1:54:20. ஒவ்வொரு ஐந்தும் முந்தைய ஐந்தைவிடக் கொஞ்சம் வேகம். முதல் கிலோமீட்டர் 5:47. அந்தக் கிலோமீட்டரில் என்னைத் தாண்டாதவர்களே இல்லை என்று நினைக்கிறேன். கடைசிவரிசை அண்ணா சொன்ன சங்கடம் வந்ததும் சந்தோஷமாகிவிட்டது. இரண்டு மணி பேசர் நாலாவது கிலோமீட்டரில் இருநூறு மீட்டர் முன்னால், கொடியின் நுனி மட்டும் தெரிந்தது. பின்னாலேயே ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. மூச்சு மூன்றுக்கு இரண்டு. விட்டுவிட்டேன்.

பதினாறில் தலையைக் குனிந்து நடந்துகொண்டிருந்தவர்களைத் தாண்டும்போது கொடிக்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒருவர் தன் முன்கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பேனா எழுத்து.

இனி மற்ற சேதி. சிப் நேரம் 2:00:23.

வாட்ச் 21.34 கி.மீ., சராசரி 5:38. கணக்குப்பிள்ளை 5:37 என்றார். எட்டாவது கிலோமீட்டரில் 5:38, 5:39 என்று ஓடிக்கொண்டிருந்தபோது ‘ஒரு செகண்ட்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

#25 கணக்குப்பிள்ளை

ஒரு செகண்டை 21 ஆல் பெருக்கினால் 21 செகண்ட். மிச்சம் இரண்டு செகண்ட், தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

ஆனால் பதினொன்றேகால் நிமிடம் குறைத்திருக்கிறீர்கள், என் சூத்திரம் சொன்னதைவிட 36 வினாடி முன்னால். கையைக் கொடுங்கள்.

#26 எண்ணூறு

கடைசி 1.1 கிலோமீட்டரை 6:03 இல் ஓடியிருக்கிறாய். கிலோமீட்டருக்கு 5:31. தெம்பு மிச்சம் இருந்திருக்கிறது தம்பி! பதினெட்டிலேயே திறந்துவிட்டிருந்தால் 23 வினாடி எம்மாத்திரம்? நான் அப்போதே சொன்னேன், கொஞ்சம் தைரியம் வேண்டும் என்று.

#27 வைகறை

இந்த ஒருமுறை எண்ணூறு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். பதினெட்டில்தான், பத்தில் இல்லை.

#28 கடைசிவரிசை

எல்லாம் சரி. நான் ஒன்று கேட்கிறேன். வளைவுகளில் எந்தப் பக்கம் ஓடினாய்?

#29 பாதிவழி

தண்ணீர் மேசை எல்லாம் இடப்பக்கம் இருந்தது அண்ணா, அதனால் இடப்பக்கமே ஓடினேன்.

இப்போதுதான் வரைபடத்தைத் திறந்து பார்க்கிறேன். வளைவு எல்லாம் வலப்பக்கம்.